அடுத்த வண்டி கரண்டா, பெட்ரோலா?

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் வந்த கடன் விண்ணப்பங்களில் ஐந்து, இருசக்கர வண்டி வாங்குவதற்கு. நமக்குச் சந்தோஷம்தான். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் ஊர் ஊராகச் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த அக்காக்களில் சிலர் அன்றைக்கு முட்டியைச் சிராய்த்துக்கொண்டு பழகியவர்கள். இன்றைக்கு அவர்கள் வீட்டு மகளும் மருமகளும் ஸ்கூட்டிக்குக் கடன் கேட்கிறார்கள்.

விண்ணப்பம் போட்ட ஐந்து பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கரண்டு வண்டி வாங்கலாமா, பெட்ரோல் வண்டியே போதுமா?" நாங்கள் திருப்பிக் கேட்டதும் ஒன்றுதான். "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீங்க?" ஒருத்தரால்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம்.

கீரமங்கலம் மார்க்கெட்டில் விடியற்காலை பூ எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். தினம் 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்குது, பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 90 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 2,300 ரூபாய். அதே ஓட்டத்துக்குக் கரண்டு வண்டி தினம் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். இரண்டு மாத பில்லில் 80 யூனிட்டுக்கு மேல் ஏறும். யூனிட் 7 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் மாதம் 300 ரூபாய்க்குள்தான். ஆக மிச்சம் 2,000 ரூபாய். வண்டி விலை 30,000 ரூபாய் கூட இருந்தாலும், வட்டியையும் சேர்த்து ஒன்றரை வருஷத்தில் அந்தத் தொகை திரும்பிவிடும்.

இப்போ இன்னொரு சகோதரி. சத்துணவு மையத்துக்குப் போய் வருவதற்கு மட்டும்தான் வண்டி, தினம் 6 கிலோமீட்டர். பெட்ரோல் செலவே மாதம் 350 ரூபாய்தான். கரண்டு வண்டியில் மிச்சமாவது 300 ரூபாய். கூடுதல் 30,000 ரூபாயை மீட்க நூறு மாதம், அதாவது எட்டு வருஷத்துக்கு மேல். அதற்குள் பேட்டரியே மாற்ற வேண்டி வரலாம். இவருக்குப் பெட்ரோல் வண்டிதான் சரி. பழைய எக்ஸ்எல் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே போதும் என்றுகூடச் சொல்வோம்.

விலை வித்தியாசமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கரண்டு வண்டிக்கு மத்திய அரசின் மானியம் 2023 ஜூனிலிருந்து படிப்படியாகக் குறைந்தது. 2024இல் வண்டிக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், 2025 ஏப்ரலுக்குப் பிறகு 5,000 ரூபாய் என்று வந்தது. இன்னொரு பக்கம், 350 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. கரண்டு வண்டிக்கு முன்பும் பின்பும் 5 சதவீதம்தான். அதனால் போன வருஷம் பக்கத்து வீட்டார் சொன்ன விலையை நம்பி விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். கடையில் எல்லாம் சேர்ந்த விலையை எழுதி வாங்குங்கள்.

கிலோமீட்டருக்கு அடுத்தது, பிளக் எங்கே இருக்கிறது என்பது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான். மிக்சி போடுகிற சின்ன பிளக்கில் செருகி, வயர் சுட்டுப்போன வீட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். பல வண்டிகளின் சார்ஜருக்கு 15 ஆம்ப் பிளக் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். வண்டி வாங்குவதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பம்புசெட் இலவச மின்சாரத்தில் வண்டிக்குச் சார்ஜ் போடக்கூடாது. அது பாசனத்துக்குக் கொடுத்தது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டர் என்றால் ஓரகத்தியிடமும் சொல்லிவிடுங்கள். பில் வந்த பிறகு பேசினால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

ராத்திரி படுக்கிற அறையில் சார்ஜ் போடவே கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் நடந்த விபத்துகளுக்குப் பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. விதி வந்துவிட்டது என்பதற்காக நாம் வாசல் பக்கத்துக் காற்றோட்டத்தை விட்டுவிட வேண்டாம்.

இப்போது சொல்லப்போவது எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் குழு உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டாம், "லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிக் குறைந்த விலைக்கு ஒரு கரண்டு வண்டி வாங்கினார். பதினான்காம் மாதம் பேட்டரி போய்விட்டது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையே இல்லை. போய்ப் பார்த்தால் கடையும் இல்லை. வண்டி இன்றைக்கு ஆட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அவர் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடனுக்குப் பரிந்துரைக் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். தவணை கட்டுவாரா என்று பார்த்தோமே தவிர, என்ன வண்டி, யார் பழுது பார்ப்பார்கள் என்று கேட்கவில்லை. அந்தத் தப்பு எங்களுடையது.

அந்த ரக வண்டி பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுகிற, 250 வாட்டுக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் பதிவும் லைசென்சும் தேவையில்லை. "மேடம், இது நாப்பதுல போகும்" என்று கடைக்காரர் காதோடு சொன்னால், அது பதிவு செய்திருக்க வேண்டிய வண்டி. பதிவு இல்லாமல் ஓட்டி யார் மேலாவது மோதிவிட்டால், நஷ்டஈடு நம் தலையில் வந்து விழும்.

கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர். நம் பக்கத்தில் எத்தனையோ ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்டு வரவில்லை. தினமும் வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில், பெட்ரோல் வண்டி ஒன்றாவது இருப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். வீட்டுக்காரரிடம் ஏற்கனவே பெட்ரோல் வண்டி இருந்தால், நீங்கள் தைரியமாகக் கரண்டு வண்டிக்குப் போகலாம். கடைக்காரர் 120 கிலோமீட்டர் ஓடும் என்றால், பின்னால் ஒரு ஆள், முன்னால் பூ மூட்டை என்று வைத்து 80 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அதுவும் குறையும்.

கடைசியாக ஒன்று. கடன் உங்கள் பெயரில், ஆர்சி வீட்டுக்காரர் பெயரில், சாவி மகன் சட்டைப்பையில். இப்படி ஓடுகிற வண்டிகள் நம் கூட்டமைப்பில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். (சிரிப்பு) சிரிக்காதீங்கக்கா, அந்தத் தவணை எல்லாம் நீங்கதான் கட்டுறீங்க. எந்த வண்டியாக இருந்தாலும் ஆர்சி உறுப்பினர் பெயரில் இருக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

விண்ணப்பம் போட்ட ஐந்து பேரும் பத்து நாளைக்கு எங்கெங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் போனாலும் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். கடைசியாகக் கட்டிய கரண்டு பில், கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலை, நம் தாலுகாவுக்குள் சர்வீஸ் எங்கே இருக்கிறது என்ற முகவரி, இந்த மூன்றையும் சேர்த்து எடுத்து வாருங்கள். பூ விற்கும் அக்கா மட்டும் சனிக்கிழமையே வரலாம். அவருக்கு முகூர்த்த சீசன் தொடங்குகிறது.