தெருவில் ஓரிரவு



கனடாவில் இருக்கும் என் மருமகன் ஒருவன் அலாஸ்கா நெடுஞ்சாலை வழியே தன்னந்தனியாக வடக்கே போய்வந்து எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தான். வான் வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் கான். இருட்டினால் தெருவோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டுப் படுப்பது, விடிந்தால் எழுந்து போவது. மணிக்கணக்காக ஓடினாலும் ஒரு வீடு கண்ணில் படாத தெருவாம். “பயமே இல்லை மாமா, கரடி மட்டுந்தான்” என்று முடித்திருந்தான்.

அந்தத் தெரு 1942இல் அமெரிக்க இராணுவம் ஜப்பானுக்குப் பயந்து அவசரம் அவசரமாக வெட்டியது. ஜப்பானிய விமானங்கள் நமது திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதும் அதே ஆண்டுதான், ஏப்ரல் 9ஆம் திகதி. 1948இல் அலாஸ்காத் தெருவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆறு ஆண்டுகளில் போர்த் தெரு உல்லாசத் தெருவாகிவிட்டது. நமது தெருக்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

கடிதம் கிளப்பிய ஆசையில் நானும் புறப்பட்டேன். நண்பர் ஒருவரின் பழைய வானில் பின் ஆசனங்களைக் கழற்றி ஒரு மெத்தையைப் போட்டேன். மண்ணெண்ணெய் அடுப்பு, கேத்தல், ஒரு ரோச் லைற். திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை ஏறத்தாழ 55 கிலோமீற்றர். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரக்கூடிய தூரத்துக்கு மெத்தை எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான்.

இந்த மாவட்டத்தில் வழியோரம் ஒதுங்கியவர்களில் உலகறிந்தவர் றொபேட் நொக்ஸ். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற கப்பல் அதைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவரான தந்தை மூதூர்க் கரையில் ஒரு புளியமரத்தடியில் இளைப்பாறியிருந்த வேளையில் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். மகனும் பிடிபட்டான். அது 1660. மகனுக்குப் பத்தொன்பது வயது; அதன்பின் இன்னொரு பத்தொன்பது ஆண்டு கண்டி இராச்சியத்தில் கழிந்தது. தந்தை அங்கேயே காய்ச்சலில் இறந்தார். மகன் சில்லறைச் சாமான் விற்பவராக ஊர் ஊராக அலைந்து வழிகளை அறிந்துகொண்டார். 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன், மல்வத்து ஓயா என்றும் அருவியாறு என்றும் சொல்லப்படும் ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். அந்த ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் திகதி இருவரும் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலை டானியல் டிஃபோ தமது ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய மூட்டை. அரிசி, கோடரி, மழை வந்தால் கீழே படுத்துக்கொள்ள ஆளுக்கொரு தாளிப்பனை ஓலை. அந்த ஓலை ஒன்றை விரித்தால் பதினைந்து இருபது பேர் நனையாமல் நிற்கலாம் என்கிறார் அவர். மடித்தால் கையில் அடங்கும். என் மருமகனின் வானுக்கு இதுதான் மூத்த பாட்டன். என்ன, நொக்ஸ் அதை உல்லாசத்துக்காகத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

நிலாவெளி வரைக்கும் ஹோட்டல்களும் புறாத் தீவுக்குப் போகிறவர்களும். இறக்கக்கண்டி தாண்டினால் தெரு அமைதியாகிறது. குச்சவெளி, திரியாய், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பற்றைக்காடு. யான் ஓயாவைப் பாலத்தால் கடந்தபோது ஒரு சொல் நினைவுக்கு வந்தது. பாலம் வருமுன் இங்கே வாகனங்களை ஏற்றி இறக்கிய மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். தெற்கே மட்டக்களப்புக்குப் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாதைக்குப் பாதை ஏறவேண்டியிருந்தது. தண்ணீர் குறுக்கிட்ட இடத்தில் தெருவே மிதந்து அக்கரை போவதாக எண்ணி வைத்த பெயரோ என்னவோ. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. என்றாலும் 2021 நவம்பர் 23ஆம் திகதி, அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் முடியுமுன் ஓடிய பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள்.

புல்மோட்டைக்கு அப்பால், கொக்கிளாய்க் களப்பு தெரியும் ஓரிடத்தில் வானை நிறுத்தினேன். தேநீர் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். காற்று நன்றாக இருந்தது. கண் அயரும் நேரம் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது.

“ஆரது? வான் பழுதோ?”

சாரம் கட்டிய வயோதிபர் ஒருவர் ரோச் லைற்றுடன் நின்றார்.

“பழுதில்லை ஐயா. இரவு தங்கிப்போகலாமெண்டு நிற்பாட்டினனான்.”

“சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ இஞ்ச?”

“இல்லை. சும்மா... தெருவில படுத்துப் பார்க்க ஒரு ஆசை.”

அவர் ரோச்சை உள்ளே அடித்து மெத்தையையும் அடுப்பையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “முகாமோ?”

நேயர்களே, இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தந்தான் வழக்கில் இருந்தது. ஒன்று ஆமி முகாம். மற்றது அகதி முகாம். ஆசைப்பட்டுப் போய்ப் படுக்கும் முகாம் அகராதியில் இருந்திருக்கும்; இந்தத் தெருவில் இருக்கவில்லை. 1984இல் தென்னமரவாடியிலிருந்தும், அடுத்த ஆண்டு திரியாயிலிருந்தும் சனங்கள் வெளியேறினார்கள். அதன்பின் இருட்டில் தெருவோரம் ஒரு வாகனம் நின்றால் அதைக் கண்டவருக்கும் பயம், உள்ளே இருந்தவருக்கும் பயம்.

அவரும் 1984இல் போனவர்தான். “இருபத்தைஞ்சு இருபத்தாறு வருஷம் தம்பி. திரும்பி வரேக்க வீடு நிண்ட இடத்தில காடு. துப்புரவாக்கித் தறப்பாள் கட்டிக் கிடந்தம். நீர் ஆசைக்குப் படுக்கிறீர். எங்கட வயசெல்லாம் அதுக்குள்ளதான் போச்சு.” குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு, “இதில கிடவாதையும், யானை வரும். வானை எங்கட வளவுக்குள்ள கொண்டுவந்து விடும்” என்றார்.

எனக்கு மனமில்லை. தனியாகத் தங்கினேன் என்று மருமகனுக்கு எழுதவேண்டும் அல்லவா? என்றாலும் போனேன். வீட்டு முற்றத்தில் வானை நிறுத்தி உள்ளே படுத்தேன். அவர் வேலியோரம் ஒரு கட்டையைக் கொளுத்திவிட்டு வெகுநேரம் பக்கத்தில் குந்தியிருந்தார். யானை வரவில்லை.

காலையில் சீனியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தோம். மருமகன் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பெடியன் தெருவில படுக்கேக்க, ஆர் வந்து ரோச் அடிச்சுப் பார்க்கிறது?” என்றார்.

“கரடிதான் ஐயா” என்றேன்.

அப்போதுதான் மனிதர் முதன்முறையாகச் சிரித்தார்.