மொரீசுத் தீவில் தமிழ்: பணத்தாளும் நாவும்



அண்மையில் யான் சென்று மீண்ட மொரீசுத் தீவைப் பற்றி இம்மன்றத்தில் பேசப் பணித்தீர்கள். அத்தீவு மடகாசுக்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் கடல்நடுவே கிடக்கிறது. பரப்பில் நம் குமரி மாவட்டத்தினும் சற்றே பெரியது. மக்கள்தொகை பன்னிரண்டரை இலக்கம் அளவில் இருக்கும். எரிமலை கக்கிய கருங்கல் நிலம். அக்கல்லைப் பெயர்த்தெடுத்து மேடு மேடாகக் குவித்துவிட்டு, இடைநிலத்தில் கரும்பு நட்டிருக்கிறார்கள். வெண்மணற் கடற்கரையையும் நீலக் கடலையும் காணவே வெளிநாட்டார் திரள்கின்றனர். அவற்றைப் பாட யான் வரவில்லை. அக்கற்குவியல்களைத்தாம் யான் நெடுநேரம் நோக்கி நின்றேன். அவற்றைச் சுமந்த தோள்களில் நம்மவர் தோள்களும் இருந்தன.

மாந்தர் குடியிராத தீவாகவே அது நெடுங்காலம் இருந்தது. 1598இல் ஆலந்தர் வந்து, தம் இளவரசன் மோரிசு பெயரை இட்டனர். பறக்க மாட்டாத தோதோ என்னும் பெரும்பறவை அங்கன்றி உலகில் வேறெங்கும் இல்லை. ஆலந்தர் கால் வைத்து நூறாண்டு முடிவதற்குள் அவ்வினம் பூண்டற்றுப் போயிற்று. 1710இல் அவர்களும் கைவிட்டு அகன்றனர். 1715இல் பிரெஞ்சியர் கைப்பற்றினர்.

தமிழர் வரலாறு அங்குத் தொடங்குவது எப்பொழுது என்பதில்தான் நம்மவர் பலர் பிழைபடுகின்றனர். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த காலத்தில் என்றே பலரும் எழுதுகின்றனர். அன்று. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழன் அங்கிருந்தான். 1735இல் ஆளுநனாக வந்த லா பூர்தொனே, போர்ட்டு லூயி நகரையும் துறைமுகத்தையும் கட்டுவிக்கப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொற்றரையும் தச்சரையும் கொல்லரையும் வரவழைத்தான். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் உளர். அதனை மறைத்துப் பெருமை மட்டும் பேசுதல் நேர்மையாகாது. பிரெஞ்சியர் நம்மவரை 'மலபார்' என்றே அழைத்தனர். அவர் குடியிருந்த நகர்ப்பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். ஆக, அந்நாட்டுத் தலைநகரின் கடைக்காலில் தமிழன் வியர்வை உண்டு.

1810இல் ஆங்கிலேயர் தீவை வென்றனர். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டத்தைத் திரும்பியும் பாராமல் விலகவே, 1834 முதற்கொண்டே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்திறங்கியோர் நாலரை இலக்கத்தை ஒட்டுவர். பெரும்பாலோர் பீகார்ப் பக்கத்தார். அடுத்த பெருந்தொகையினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர். அவர்கள் ஏறிச்சென்ற கற்படிகள் இன்றும் போர்ட்டு லூயித் துறைமுகத்தில் உள்ளன. 2006இல் அவ்விடம் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டது. இப்பொழுது அதற்கு 'ஆப்பிரவாசி காட்' என்று வடமொழிப் பெயர். முன்பு 'கூலித்துறை' என்னும் பொருள்பட வழங்கினர். கூலி என்பது தமிழ்ச்சொல்லே என்பாரும் உளர். இழிவு துடைக்கிறோம் என்று மாற்றிய பெயரிலும் தமிழுக்கு இடமின்றிப் போனதை என்னென்பது!

அங்கு வாழ்ந்த வாழ்வைச் சுருங்கச் சொல்கிறேன். திங்களுக்கு 5 உருபா கூலி. ஒருநாள் வேலைக்கு வாராவிடில் இரண்டு நாட் கூலி பிடித்தம். ஒப்பந்தம் முடிந்தவனும் படம் ஒட்டிய சீட்டு இன்றித் தெருவில் நடந்தால் சிறை. 1871இல் இக்கொடுமைகளை எடுத்துரைத்து 9,401 பேர் சார்பில் ஆளுநனுக்கு ஒரு முறையீடு கொடுக்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் தெ பிளெவிட்சு என்னும் வெள்ளைக்காரர். அவர்க்கு உடனிருந்து உதவியவர் இராசரத்தின முதலியார் என்னும் தமிழர். தோட்ட முதலாளிகள் சீறினர். ஆயினும் அடுத்த ஆண்டே உசாவற் குழு வந்தது.

இனிப் பெயர்க்கதை கேளுங்கள். சுப்பராயன் 'சூப்ராயேன்' ஆனான். வீரப்பன் 'வீராப்பேன்' ஆனான். கப்பற்றுறை எழுத்தன் காதில் விழுந்ததைத் தன் எழுத்தில் கிறுக்கினான். அதுவே வழிவழிக் குடும்பப் பெயராயிற்று. ஒருவர் தம் பெயரை எனக்கு மும்முறை சொன்னார். எழுதிக் காட்டிய பின்னரே அஃது முத்துச்சாமி என்று விளங்கியது. தம் பாட்டன் பெயரைத் தமிழொலியில் கேட்டதும் அம்முதியவர் அதனைத் தாமே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவர்க்குத் தமிழ் பேச வாராது. அங்குள்ள தமிழரில் மிகப் பெரும்பாலார்க்கும் வாராது. பிரெஞ்சு மொழிக்கும் அடிமைகளின் மொழிகளுக்கும் பிறந்த கிரெயோல்தான் இன்று வீட்டுமொழி. நாட்டு மக்களில் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு மேல் வீட்டில் பேசுவது அதுவே. அக்கிரெயோலின் அடுக்களையில்தான் தமிழ் ஒளிந்துகொண்டிருக்கிறது. இரசம் அங்கே 'ராசோன்'. பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. முறுக்கு 'மூல்க்கு'. வாழையிலையில் ஏழுவகைக் கறி படைக்கும் தமிழர் விருந்தை எல்லா இனத்தாரும் 'ஏழு கறி' என்று சொல்லி உண்கின்றனர். நாக்கு சுவைக்கு மறவாததைப் பேச்சுக்கு மறந்துவிட்டது.

இன்னொரு புதுமை. அந்நாட்டு மக்கட் கணக்கெடுப்பில் சமயம் எது என்னும் வினாவுக்கு, 'இந்து' என்பது ஒரு விடை. 'தமிழ்' என்பது வேறொரு விடை. மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுவர் தம் சமயம் தமிழ் என்றே பதிகின்றனர். மொழியை இழந்தவர்கள் மொழியின் பெயரையே சமயமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டனர். தைப்பூசக் காவடிக்கு நாடு முழுதும் அரசு விடுமுறை. போர்ட்டு லூயியில் கைலாசம் எனப்படும் சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோயிலில் யான் கண்டேன்: உரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்து இளைஞர் தமிழ்ப் பாட்டுப் பாடினர். உருக்கம் குறைவில்லை, பொருள் கேட்டால் தெரியவில்லை. பொருளறியாமல் ஓதுவது எம்மொழியாயினும் ஒன்றே. வடமொழி மந்திரத்தை இங்கே நாம் கண்டிப்பதும் அக்கரணியத்தாலன்றோ?

இப்பொழுது பணத்தாளுக்கு வருகிறேன். மொரீசு உருபாத் தாளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்னும் வரிசையில் மதிப்பை எழுதுவது வழக்கம். 1998இல் நடுவண் வங்கி புதிய தாள்களை வெளியிட்டபோது இந்தியை மேலேற்றித் தமிழைக் கீழே தள்ளிற்று. உடனே தமிழ்மக்கள் கொதித்தெழுந்தனர். அரசால் தாங்க இயலவில்லை. அச்சிட்ட தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையிலேயே 1999ஆம் ஆண்டிட்ட புதுத்தாள்கள் அச்சாயின. அதில் 100 உருபாத் தாளை எடுத்துப் பாருங்கள்: விடுதலைக்கு முன் கல்வித்துறை அமைச்சராயிருந்து 1958இல் மறைந்த அரங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழரின் உருவம் இருக்கும்.

நூற்றுக்கு அறுவரே உள்ள மக்கள், அவ்வெழுத்தைப் படிக்கவும் தெரியாதார் பலர், ஒரு நாட்டின் பணத்தாளையே திருப்பி அனுப்பினர்! இந்திய உருபாத் தாளில் தமிழ் எங்கே இருக்கிறது? பின்பக்கத்து ஓரத்தில், பதினைந்து மொழிகள் அடுக்கிய பட்டியலில் ஒன்றாய் இருக்கிறது. ஆறு கோடிக்கு மேற்பட்டோர் நாவில் தமிழ் வாழும் நாட்டில் நாம் அதைப் பொறுத்துக்கொண்டு கடைக்குச் செல்கிறோம்.

ஆயினும், நம் மேடைகளில் இப்பணத்தாட் செய்தியைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவுடன் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1989இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடு அத்தீவில் நடந்தது. மாலையிட்டார்கள், மலர் வெளியிட்டார்கள். அதற்குப் பின்னும் வீடுகளில் தமிழ் தேய்ந்துகொண்டே வந்தது. தாளில் இரண்டாம் இடத்தில் இருக்கும் மொழி, பிள்ளை பசித்து அழும்போது வாயில் எத்தனையாம் இடத்தில் இருக்கிறது என்பதே யான் கேட்கும் கேள்வி.

அரசு தொடக்கப் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாகக் கற்பிக்கிறது. 1970இல் நிறுவிய மகாத்துமா காந்தி நிறுவனத்தில் உயர்கல்வியும் உண்டு. 2012 முதல் கிரெயோலையும் அதே விருப்பப் பாட வரிசையில் சேர்த்துவிட்டனர். வீட்டில் பேசும் மொழியா, பாட்டன் பேசிய மொழியா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஐந்தாறு அகவைக் குழந்தையின் முன் வைக்கின்றனர். கிரெயோலை யான் பழிக்கவில்லை. அடிமைப்பட்டோர் துன்பத்தில் ஆக்கிய மொழி அது. அவர்க்கு அது தாய்மொழி. தாய்மொழிக்குப் போராடும் நாம் பிறர் தாய்மொழியை இழித்தல் தகாது. ஆனால் இரண்டையும் எதிரெதிர் நிறுத்தினால் எது தோற்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆசிரியர் ஒருவர் என்னிடம் மனம் நொந்து கூறினார்: "தமிழ்நாட்டிலிருந்து வரும் பொத்தகங்களில் மாமரத்தடியில் தாத்தா கதை சொல்கிறார். எம் பிள்ளைக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலத்தில் பொருள் சொல்லியிருக்கிறது. ஆங்கிலமும் அவனுக்குப் பள்ளிப் பாடமே." ஆகவே இம்மன்றத்தின் முன் ஒன்றை வைக்கிறேன். கிரெயோல் வழியாகத் தமிழ் கற்பிக்கும் சிறு சொற்பொத்தகம் ஒன்றை, அங்குள்ள ஆசிரியர்களையே எழுதச் செய்து, நாம் அச்சிட்டுக் கொடுப்போம். பிப்பங்காயில் தொடங்கட்டும், ராசோனில் தொடங்கட்டும். பிள்ளை முன்பே அறிந்த சொல்லிலிருந்து அவனை அழைத்துச் செல்லட்டும். அச்சுக் கூலிக்கு உண்டியல் ஒன்று வாயிலில் வைத்திருக்கிறோம். போகும்போது பார்த்துச் செல்லுங்கள்.