பட்டம் முடித்த பிள்ளைக்கு முதல் வேலை எங்கே?



நம்ம லயத்துப் பிள்ளை பட்டம் வாங்கினால் தோட்டமே வாங்கின மாதிரி. ஆனா நியமனத்துக்குக் காத்திருக்கையில் ஏஜென்ட் வந்து கதவைத் தட்டுறான். போன வருடம் ஒரு தாய், கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதியை அப்படியே கொடுத்தார். மகனுக்குக் கிடைத்தது சுற்றுலா விசா. மூன்றாம் மாதம் பிள்ளை திரும்பிட்டான், காசு திரும்பவில்லை.

போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காசு கொடுக்குமுன், ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு, 1989 இலக்கத்தில், போன் பண்ணிக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பிள்ளையே வாசிக்கட்டும். படிக்க வைத்தது அதுக்குத்தானே!

இங்கே கிடைக்கும் முதல் வேலையைச் சின்னது என்று தள்ளாதீர்கள். அந்த அனுபவக் கடிதம் நாளைக்கு வெளிநாட்டிலும் கைகொடுக்கும்.