எலுமிச்சை அமிலமும் ஆண்களின் சுரப்பியும்

எலுமிச்சம் பழத்திற்குப் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலத்தை, 1784ஆம் ஆண்டில் ஷீலே என்னும் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் தனியே பிரித்தெடுத்தார். அவ்வமிலத்தின் உப்பாகிய சிட்ரேட்டை, ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் அமைந்துள்ள பிராஸ்டேட் சுரப்பி தானே உண்டாக்கிச் சேமித்து வைக்கின்றது. இரத்தத்தில் உள்ளதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு சிட்ரேட் அச்சுரப்பியின் நீரில் இருக்கின்றது. நாம் பருகும் எலுமிச்சஞ் சாற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விந்தோடு கலப்பதற்கென்று சுரப்பியே சமைக்கும் சரக்கு இது.

மற்ற உயிரணுக்களில் சிட்ரேட் தங்குவதில்லை. 1937இல் கிரெப்ஸ் கண்டறிந்த சுழற்சியிலே எரிந்து சக்தியாகிவிடும். அந்தமான் நேயர்கள், 1883இல் தோன்றிய சாத்தாம் மர ஆலையை நினைத்துக்கொள்ளலாம். வாள் ஓடினால் வந்த மரம் உடனே பலகையாகும். வாளை நிறுத்தினால் முற்றத்தில் மரம் குவியும். இங்கே வாள் என்பது அக்கோனிடேஸ் என்னும் நொதி. அதை நிறுத்தி வைப்பது துத்தநாகம். இதனை அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து அறிஞர்களான காஸ்டெல்லோவும் பிராங்க்ளினும் பல்லாண்டு ஆராய்ந்து விளக்கினர்.

இந்த ஆலைக்கு முதலாளி யார்? டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன். விதை நீக்கப்பட்ட விலங்குகளிடம் சிட்ரிக் அமிலம் வற்றிப்போவதையும், ஹார்மோனைச் செலுத்தியதும் அது மீளுவதையும் மான், ஹம்ப்ரி என்னும் இருவர் 1940களின் இறுதியில் காட்டினர். தாய்மாருக்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினும் துணை முதலாளியாக இருக்கின்றது. ஆண்களிடம் அதற்கென்ன வேலை என்று நகைக்க வேண்டாம்! துத்தநாகம் அணுவினுள் புகும் வாயிலைத் திறந்து வைப்பவையும், சிட்ரேட்டுக்கு வேண்டிய மூலப்பொருளைப் பெருக்குபவையும் இவ்விரண்டே.

புற்றுநோய் தோன்றும்போது அவ்வாயில் அடைபடுகின்றது. துத்தநாகம் குறைகின்றது, நின்ற வாள் ஓடத் தொடங்குகின்றது, சிட்ரேட் எரிந்து நோயணுக்களுக்கே இரையாகின்றது. முதுமையில் வரும் சாதாரண வீக்கத்திலோ சிட்ரேட் பெரும்பாலும் குறைவதில்லை. இரவில் பலமுறை எழுவது, நீர் தடைப்படுவது ஆகிய குறிகளைக் கொண்டு மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. புற்றுநோய் தொடக்கத்தில் குறியே காட்டாமலும் இருக்கும். ஆகவே, காந்தக் கருவியால் சிட்ரேட் குறைந்த இடத்தைக் கண்டு, அங்கே ஊசி செலுத்தித் திசு எடுக்கும் முறையை டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் என். ஆர். ஜகந்நாதனும் குழுவினரும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். இச்சோதனை எங்கும் நடைபெறுவதன்று; முடிவு கூறுவதும் திசுச் சோதனையே.

துத்தநாக மாத்திரையை வாங்கி விழுங்கினால் ஆகாதா என்று சிலர் கேட்பர். வாயில் அடைபட்ட அணுவினுள் அது எவ்வாறு புகும்? மேலும், அமெரிக்காவில் ஏறத்தாழ 47,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, நாள்தோறும் 100 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக உண்டவர்களிடம் முற்றிய நோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டதெனக் கூறியது.

பயன் தருவது ஹார்மோனைக் கட்டுப்படுத்துவதே. ஆண் ஹார்மோனை அகற்றினால் இப்புற்றுநோய் ஒடுங்கும் என்று 1941இல் காட்டிய ஹகின்ஸ், 1966இல் நோபல் பரிசு பெற்றார். சாதாரண வீக்கத்திற்குத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் அதே ஹார்மோன் வலுப்பெறாமல் தடுப்பதுதான். ஆனால் அதை ஆறு மாதம், ஓராண்டு உண்டவரிடம், புற்றுநோயை ஐயுறுவதற்கு உதவும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனையின் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். போர்ட் பிளேர் என்றிருந்து 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரில் மருந்துண்டு, பின்னர்ச் சென்னைக்குக் கப்பலேறும் பெரியவர்கள் அந்த மருந்துச் சீட்டையும் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். சீட்டைக் காணாத மருத்துவர் 3 என்று படிக்கும் எண், உண்மையில் 6 ஆக இருக்கக்கூடும்.