வாடகை வீடும் வாய்ச்சொல்லும்

(யாழ்ப்பாணத்தில் வீடு, காணி உடையோரும் குடியிருப்போரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேசவழமை நம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. இம்மூன்றிலும் அடங்கிய வீடுகள் பல இன்று உடையவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிற்கின்றன. உடையவர் ரொறன்ரோவில் இருக்கிறார்; வீடு கொக்குவிலில் இருக்கிறது. இடையிலே அற்றோணித் தத்துவம் பெற்ற ஓர் உறவினர், அல்லது அந்தப் பத்திரமும் இல்லாத ஒரு தரகர். உடையவர் கேட்பது ஒரு தொகை, குடியிருப்பவர் கொடுப்பது வேறொரு தொகை. நடுவிலே மறைவது எவ்வளவு என்று இரு தரப்பாரும் அறியார். அறியும் நாளிலே அவர்கள் ஒருவரையொருவர்தான் குற்றஞ்சாட்டுகிறார்கள்!

இந்த அநீதிக்குச் சட்டம் இல்லையா? சட்டம் இருந்தது. உலகப் போர்க் காலத்தில், 1942 இலேயே, வாடகையைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் வந்துவிட்டது. அதன்பின் 1948 இல் 29 ஆம் இலக்கச் சட்டமும், 1972 இல் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கலாகாது, திறப்பைக் கையில் கொடுப்பதற்கென்று தனிப்பணம் வாங்கலாகாது என்று விதித்தார்கள். உடையவர் வாடகையை ஏற்க மறுத்தால் அதனை உள்ளூராட்சி மன்றத்திலே கட்டவும் வழி வைத்தார்கள். ஆனால் 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் புதிய வீடுகளிற் பெரும்பாலானவற்றை அந்த வேலிக்கு வெளியே விட்டன. வேலிக்கு உள்ளே நின்றவர்களும் எல்லோரும் ஏழைகளல்லர். பழைய வாடகைக்கே கடையைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதனைப் பிறருக்கு உள்வாடகைக்கு விட்டுப் பணம் பண்ணியோரும் உண்டு. அதையும் மறைக்க நாம் விரும்பவில்லை.

திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகளைப் பாருங்கள். நான்கு அறைக்கு ஒரே மின்மானி. அறைக்கு 40 அலகு எரித்தாலும் மானியில் 160 என்றே விழும். அலகு ஏற ஏற விகிதமும் ஏறுவதே மின்கட்டண முறை. எனவே சிக்கனமாக எரித்த மாணவனும் உயர்ந்த விகிதத்துக்குள் தள்ளப்படுகிறான். அதன்மேலும், கடைசிப் படியின் விகிதத்தை எல்லா அலகுகளுக்கும் வைத்துப் பணம் பறித்தால் அதற்கு என்ன பெயர்? மின்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். அறைதோறும் துணைமானி பூட்டுங்கள். மாணவன் வெளியேறும்போது வெள்ளையடிப்பு, குழாய், பூட்டு என்று சொல்லி முற்பணம் முழுவதையும் விழுங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். புகும் நாளில் இருந்த நிலையை எழுதி இருவரும் ஒப்பமிட்டால் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

"எழுதிக் கொடுத்தால் வீடு போய்விடும்" என்று உடையவர்கள் அஞ்சுகிறார்கள். பத்தாண்டு இருந்தவனுக்கே வீடு சொந்தம் என்ற பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்தாண்டு என்று கூறுவது உண்மையே. ஆனால் அந்த ஆட்சி உடையவனின் உரிமையை மறுத்து நடத்திய ஆட்சியாக இருக்க வேண்டும். வாடகை கொடுத்து இருப்பவன் உடையவனின் அனுமதியால் இருப்பவன். குடிபுகுந்தபோது உடையவனுக்கு இருந்த உரிமையை, குடியிருக்குங் காலத்தில் அவன் மறுக்க முடியாதென்று 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் கூறுகிறது. அவன் வாடகைக்காரன் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று? பற்றுச்சீட்டின் அடிக்கட்டை! வருமான வரிக்குப் பயந்து எந்தச் சீட்டை எழுத மறுக்கிறீர்களோ, அதுவே உங்கள் உறுதிக்குக் காவல்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம். முத்திரை ஒட்டித் தட்டச்சுச் செய்த தாள் அந்த இடத்தை நிரப்பாது. படலைக்கு இலட்சக்கணக்கில் செலவிடுபவர் நொத்தாரிசின் கட்டணத்துக்குப் பேரம் பேசுவதைக் காணும்போது எமக்குச் சிரிப்பு வருகிறது. குத்தகை முடிந்தபின் வீட்டை மீட்கச் சுருக்கமான வழக்கு நடைமுறையொன்றை 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் தந்தது. முறையாக எழுதாதவர் அதன் பயனை எவ்வாறு நாடுவார்?

கமக்காரப் பெருமக்களே, இது உங்களுக்கும் உரிய பேச்சு. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயலை உழுத குத்தகைக்காரனைக் காக்கவே வந்தது. புகையிலையும் வெங்காயமும் விளையும் தோட்டக் காணியை அது தொடவில்லை. ஆண்டுக் குத்தகையை வாய்ச்சொல்லில் எடுத்து, எருவும் குழையும் தாட்டு மண்ணைப் பண்படுத்தியபின், மறு போகத்தில் காணி வேறொருவர் கைக்குப் போவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். கிணற்றுப் பங்கையும் இறைப்பு முறையையும் சேர்த்தே உறுதியில் எழுதுவியுங்கள்.

வெளிநாட்டில் உள்ள உங்கள் பிள்ளைகளுக்கும் இதனை எழுதுங்கள். அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால், வாடகைக்கு விட மட்டுமா, விற்கவுமா என்று அதிலே வரையறுக்கட்டும். வாடகை நேரே வங்கிக் கணக்குக்குப் போகட்டும். குடியிருப்பவரின் தொலைபேசி எண்ணை உடையவரும், உடையவரின் எண்ணைக் குடியிருப்பவரும் வைத்திருக்கட்டும்.

மாதிரிக் குத்தகைப் பத்திரம் ஒன்றைத் தமிழில் ஆக்கி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் மேசையில் பெற்றுக்கொள்ளலாம். பழைய தாள்களைக் கொண்டுவந்தவர்கள் சற்றே இருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.