பராக்குப் பார்த்த பிள்ளை

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புலம்பெயர்ந்த பெண்களின் சாதனைகள் பற்றிப் பேசும்படிதான் என்னைக் கேட்டிருந்தார்கள். சாதனை என்று சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆகவே வேறொரு விடயத்தைச் சொல்ல அனுமதி கேட்டேன். என்னுடைய 47ஆவது வயதில் லண்டனில் ஓர் உளமருத்துவ நிபுணர் எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று உறுதிசெய்தார். அவதானக் குறைபாடும் மிகையியக்கமும் என்று தமிழில் சொல்வார்கள். அந்த முடிவுக்கு அவர் வர உதவியவர்களில் ஒருத்தி இந்த மண்டபத்தில் இருக்கிறாள்.

முதலில் என் மகனைத்தான் பரிசோதித்தார்கள். பெற்றோர் நிரப்பவேண்டிய கேள்வித்தாளை எனக்குத் தந்தார்கள். தொடங்கியதை முடிக்காமல் விடுகிறாரா, பொருட்களைத் தொலைக்கிறாரா, நேரே பேசும்போதும் கேளாதவர்போல் இருக்கிறாரா? ஒவ்வொரு கேள்விக்கும் மகனை நினைத்துக்கொண்டு தொடங்கினேன், பதில் என்னைப் பற்றியதாக இருந்தது. அந்தக் கேள்வித்தாளையும் தொலைத்துவிட்டு இரண்டாவது தாள் வாங்கப் போனேன். இந்தக் குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பிள்ளைக்குத் தெரியவந்த பிறகுதான் தாய்க்கோ தகப்பனுக்கோ தெரியவருவது வழமையாம்.

குடும்ப வைத்தியரிடம் போய், இரண்டு வருடம் காத்திருந்து, நிபுணரைச் சந்தித்தேன். அவர் கேட்ட முதல் விடயம்: “உங்கள் பாடசாலை றிப்போட்டுகள் இருக்கின்றனவா?” 2013ஆம் ஆண்டின் அமெரிக்க உளமருத்துவக் கைநூலின்படி, பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்கவேண்டும். வளர்ந்த பிறகு புதிதாக வருவது இதுவல்ல. ஆகவே சிறுவயதுக்குச் சாட்சி வேண்டும்.

என் றிப்போட்டுகள் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் வீட்டைவிட்டு நடந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுபோகவில்லை. அரிசியும் அம்மம்மாவும் முக்கியமாக இருந்தார்கள். அடுத்த வருடம் சாவகச்சேரியிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை, பெட்டியை யார் தேடுவது? இங்கிருக்கும் பலருக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர் பரணில் ஏறி எடுத்துவரும் ஒரு கடதாசி எங்களிடம் இல்லை.

அம்மாவைக் கேட்கலாம் என்றார். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மா ஒரே பதில்தான் சொன்னா. “அவள் நல்ல கெட்டிக்காரி டொக்டர். ஒரு குறையுமில்லை.” என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொன்ன அதே குரல்.

அதன்பிறகுதான் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து வாங்கில் இருந்தவளுக்கு எழுதினேன். இங்கேயே ஆசிரியையாக இருக்கிறாள். ரொறன்ரோவில் இருக்கும் இன்னொருத்திக்கும் எழுதினேன். 1988இல் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கு நினைவிருப்பதை மட்டும் எழுதுங்கள், எனக்காகக் கூட்டியோ குறைத்தோ எழுதவேண்டாம் என்று கேட்டேன்.

ரொறன்ரோக்காரி அரைப்பக்கம் எழுதினாள். எனக்குப் பெயரே ‘பராக்கு’ என்று நினைவூட்டினாள். நான் மறந்திருந்தேன். மற்றவள் நான்கு பக்கம் எழுதினாள். தமிழில் நான்தான் முதல் பிள்ளை, ஆனால் எந்தக் கொப்பியையும் இரண்டு வாரத்துக்கு மேல் நான் வைத்திருந்ததில்லை. கேள்வி முடியும் முன்னர் பதில் சொல்லிவிடுவேன். பரீட்சைத் தாளின் பின்பக்கத்தைத் திருப்ப மறந்து கணிதத்தில் பாதிப் புள்ளியை விட்டேன். அடிமட்டம், கொம்பாஸ் பெட்டி, ஒருமுறை ஒரு செருப்பு. கடைசிப் பக்கத்தில், தன்னுடைய பெட்டியில் எனக்கென்று எப்போதும் மேலதிகமாக ஒரு பேனை வைத்திருந்ததாகவும், ஐந்து வருடமும் அப்படித்தான் என்றும், தன் அம்மாவிடம் அது தனக்கென்று சொல்லியே வாங்கியதாகவும் எழுதியிருந்தாள்.

பேனைக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. பேனை கேட்டால் அவளிடம் இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடிதத்தை நிபுணருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும்போது அந்த வரியில் என்னால் தொடர முடியவில்லை. அவர் காத்திருந்தார்.

இன்னொன்றையும் அவரிடம் கேட்டேன். உங்களில் பலர் கேட்கக்கூடிய கேள்விதான். “இது யுத்தத்தால் வந்ததாக இருக்காதா?” நல்ல கேள்வி என்றார். நெருக்கீட்டுக்கு உள்ளானவர்களுக்கும் மனம் ஒருமிக்காது, நித்திரை வராது. மனச்சோர்வு, தைரொயிட், மாதவிடாய் நிற்கும் காலம் என்று இதைப்போலத் தோன்றும் வேறு காரணங்களும் உண்டு. அவற்றையெல்லாம் பார்த்துப் பிரித்தறிவதுதான் தன் வேலை என்றார். ஒரே பங்கருக்குள் இருந்து, ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர் எழுதிய கடிதங்கள் அதற்குத்தான் உதவின. ஆகவே சமூக வலைத்தளக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு யாரும் தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொள்ளவேண்டாம்.

முடிவைச் சொன்ன அன்று ஆறுதலாக இருந்தது. அடுத்த கிழமை கோபம் வந்தது. முடிக்காமல் விட்ட பட்டப்படிப்பு, கட்ட மறந்த கட்டணங்கள், வேலையிடத்தில் கிடைத்த இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள், ‘உனக்கு அக்கறையில்லை’ என்று கணவர் சொன்ன இரவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முப்பது வருடம் சோம்பேறி என்று என்னை நானே ஏசியிருக்கிறேன். அந்த ஏச்சை நிறுத்த இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ரீச்சர்மாரே, உங்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. இங்கிலாந்திலேயே வளர்ந்தோருக்கும் இதற்குச் சிகிச்சை தேவை என்று தேசிய வழிகாட்டி சொன்னது 2008இல்தான். ஓடித்திரியும் பொடியனைத்தான் உலகம் கண்டது, யன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்த பெட்டையைக் காணவில்லை. அதுவும் அந்தக் காலத்தில் யன்னலால் வானத்தைப் பார்க்காத பிள்ளை எங்கள் வகுப்பில் யார்?

மருந்து பற்றிக் கேட்பீர்கள். மெதில்பெனிடேற் எடுக்கிறேன். சிறிய அளவில் தொடங்கி, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நிறை பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். மத்தியானம் பசிக்காது. முதல்நாள் ஒரு மின்னஞ்சலை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் வாசித்தேன், மற்றவர்கள் இப்படியா வாசிக்கிறார்கள் என்று வியந்தேன். ஆனால் வீட்டுத் திறப்பு எங்கே என்று மருந்து சொல்லாது. எல்லோருக்கும் அது ஒத்துவருவதும் இல்லை. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் இங்கே வரும்போது வைத்தியரின் கடிதத்தையும் கொண்டுவந்தேன். கடிதத்தைத் தொலைக்காமலிருக்கக் கணவரிடம் கொடுத்தேன்.

வேலையிடத்தில் சொல்லலாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ், அன்றாட வாழ்வை நீண்டகாலம் பெரிதாகப் பாதிக்கும் குறைபாடு இருந்தால் நியாயமான மாற்றங்களைக் கேட்கலாம். நான் கேட்டவை சிறியவை. வாசலை விட்டுத் தள்ளி ஒரு மேசை, வாயால் சொன்னதை எழுத்திலும் தருவது, பெரிய வேலைக்கு ஒரு திகதிக்குப் பதிலாக நான்கு சிறிய திகதிகள். தந்தார்கள். எல்லா முதலாளிமாரும் தருவார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு மிகவும் உதவியது வேறொன்று. ஒருவர் பக்கத்தில் அமர்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தால், எங்களைப் போன்றவர்களுக்கு எங்கள் வேலையும் நடக்கும். ஆதரவுக் குழுவில் இதைப் புதிய உத்தியாகச் சொல்லித் தந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மின்சாரமில்லாத 93ஆம் ஆண்டில், மண்ணெண்ணெயைச் சேமிக்க ஒரு ஜாம் போத்தல் விளக்கை நடுவில் வைத்து இரண்டு பேரும் ஓ.எல். படித்தோமே, அதுதான் இது. தனியே படித்த பாடங்களில் தவறினேன். விளக்கடியில் படித்தவற்றில் சித்தியெய்தினேன். இப்போது புதன்கிழமை பின்னேரங்களில் வட்ஸ்அப் வீடியோவைப் போட்டுவிட்டு அவள் கொப்பி திருத்துவாள், நான் வீட்டுக் கணக்குகளைப் பார்ப்பேன். ஒரு மணித்தியாலம் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை.

அம்மாவுக்குப் பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் விளக்கினேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: “உன்ர கொப்பரும் இப்பிடித்தான் பிள்ளை. குடையோட போனால் குடையில்லாமல்தான் வாறவர். நான் எத்தினை நாள் பேசியிருப்பன்.” அப்பா போய்ப் பதினொரு வருடம்.

இங்கே யாருக்காவது தங்களைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ சந்தேகமிருந்தால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். றிப்போட் இல்லையென்றால் கூடப்படித்தவர்களைக் கேளுங்கள். உங்களிடம் யாராவது கேட்டால், கண்டதை உள்ளபடி எழுதிக்கொடுங்கள்.

என்னோடு தனியே கதைக்க விரும்புகிறவர்களுக்காகச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்வளவு மாமரத்தடியில் இருப்பேன். அங்கே என்னைக் காணவில்லையென்றால் மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலையோடு இருப்பவளைக் கேளுங்கள். என் கைப்பையும் அவளிடம்தான் இருக்கிறது.