ஆதி ஏன் அப்படிச் செய்தான்?

2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, மலேசியத் தோட்ட வீடுகளிலும் பேச்சுப்பொருளாக விளங்கிய ‘கோலங்கள்’ தொடரில், குடும்பத்துக்காகவே உழைத்த அபியை ஓயாது வாட்டியவன் ஆதி; அவள் தந்தையின் மற்றொரு தாரத்து மகன்.

“பாவி!” என்று, தொடரைப் பார்க்கும் பாட்டி சபிப்பார். “தகப்பன் செய்த பிழைதானே, பாட்டி?” என்று பேத்தி வாதிடுவாள். இந்தத் தர்க்கம் மிக நல்லது. ஆனாலும், காரணம் வேறு, நியாயம் வேறு. பால்மரத்து இலை மஞ்சளித்தால் வேரைத் தோண்டிப் பார்க்கிறோம். அதற்காக நோயை நோயல்ல என்போமா? ஆம், காரணம் வேறு, நியாயம் வேறு.

இன்றிரவு நீங்கள் பார்க்கும் தொடர் முடிந்ததும், “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்கள் சொல்வதைப் பொறுமையாகச் செவிமடுங்கள்.